பாளையில் காலேஜ் பசங்களுக்கு நேரடி பிஜிஎம்ஐ டோர்னமென்ட்: 32 ஸ்க்வாட் ஒரே நாளில் முடியுமா?

பாளை_ஸ்க்வாட்

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். கிளாஸ் பசங்கள் நாலு பேர் பிஜிஎம்ஐ (பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பு) ஸ்க்ரிம்ஸுக்கென்று, அதாவது பயிற்சி மேட்சுக்கென்று, ஆரம்பித்த வாட்ஸ்அப் குரூப் இப்போது பேட்டை, வண்ணார்பேட்டை, அபிஷேகப்பட்டி வரைக்கும் போய், யார் எந்த காலேஜ் என்றே தெரியாத அளவுக்குப் பெரிதாகிவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு மேட்ச் ரூமின் ஐடி, பாஸ்வேர்டு போட்டால் ஐந்து நிமிஷத்தில் ஸ்லாட் ஃபுல். ஆனால் தினமும் சேர்ந்து விளையாடுகிறவர்களில் பாதிப் பேர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. ஒரு டோர்னமென்ட்டை நேரில் வைத்தால் இது வெறும் வாட்ஸ்அப் குரூப்பாக நின்றுவிடாமல் உருப்படியான ஒரு கிளப்பாக மாறும் என்று நினைக்கிறோம்.

இப்போதைக்குத் திட்டம் இதுதான். ஒரு சனிக்கிழமை, எங்கள் காலேஜ் ஆடிட்டோரியத்தில் 32 ஸ்க்வாட் பிஜிஎம்ஐ, ஸ்க்வாடுக்கு நாலு பேர். அதே நாளில் கம்ப்யூட்டர் லேபில் 8 டீம் வேலரன்ட், ஐந்து பேருக்கு ஐந்து பேர் ஆடுகிற பிசி ஷூட்டிங் கேம். ஹெச்ஓடி சாரிடம் கேட்டதற்கு, டிபார்ட்மென்ட் சிம்போசியத்தில் நான்-டெக்னிக்கல் ஈவன்ட்டாகச் சேர்த்துக்கொள், மற்ற காலேஜ் பசங்களுக்கும் ஓடி (ஆன் டியூட்டி அட்டென்டன்ஸ்) கிடைக்கும், ஆனால் பிரின்சிபாலிடம் லெட்டரை நீயே கொண்டுபோய்க் கொடு என்று நழுவிவிட்டார். காசு என்று பார்த்தால், வண்ணார்பேட்டையில் தெரிந்த மொபைல் கடை அண்ணாச்சி ஏதாவது தருகிறேன் என்றிருக்கிறார். மிச்சத்துக்கு ஸ்க்வாடுக்கு 200 ரூபாய் என்ட்ரி வாங்கி அதையே பிரைஸ் பூலாகப் போட்டுவிடலாம் என்று யோசனை.

128 போன் ஒரே ஹாலில் இருந்தால் நெட் தாங்குமா, ஒரே நாளில் முடியுமா, லெட்டரில் என்ன எழுதினால் பிரின்சிபால் கிழித்துப் போடாமல் இருப்பார், இதெல்லாம் தெரிய வேண்டும். அப்புறம், குரூப்பில் பெண்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவில்தான் இருக்கிறார்கள், அவர்களை எப்படிக் கூட்டிவருவது என்றும் தெரியவில்லை. ஏற்கெனவே நடத்தியவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

லேப்_அண்ணாச்சி

தம்பி, வேலரன்ட்டை லிஸ்டிலிருந்து இப்போதே அடித்துவிடு. காரணத்தைக் கேள்.

நான் ஒரு காலேஜ் லேபில் சிஸ்டம் அட்மின். அதாவது நீ போய்க் கெஞ்சப்போகிற ஆள். உங்கள் லேபிலும் அநேகமாக டீப் ஃப்ரீஸ் போட்டிருப்பார்கள், பையன்கள் எதை இன்ஸ்டால் பண்ணினாலும் ரீஸ்டார்ட் ஆனதும் சிஸ்டம் பழையபடி துடைத்து வைத்த மாதிரி வந்து நிற்கும். வேலரன்ட்டோடு வருகிற வேன்கார்டு இருக்கிறதே, அந்த ஆன்டி-சீட், அது இன்ஸ்டால் ஆன கையோடு ரீஸ்டார்ட் பண்ணு என்று கேட்கும். பண்ணினால் வேன்கார்டே காணாமல் போயிருக்கும், திரும்ப முதலிலிருந்து. இதை மீற வேண்டுமென்றால் அட்மின் வந்து ஒவ்வொரு சிஸ்டமாக ஃப்ரீஸை எடுத்துவிட வேண்டும், விண்டோஸ் 11 என்றால் பயாஸுக்குள் போய், வேன்கார்டு கேட்கிற செக்யூர் பூட், டிபிஎம் 2.0 என்ற இரண்டு பாதுகாப்பு செட்டிங்கும் ஆனில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், எல்லாம் முடிந்த பிறகு திரும்பப் பழையபடி பூட்ட வேண்டும். செமஸ்டர் பிராக்டிகல் நடக்கிற லேபில் இந்தச் சோலிக்கு எந்த அட்மினும் சம்மதிக்க மாட்டான், நானே மாட்டேன். இதையும் தாண்டிவிட்டால் பேட்ச் வந்து நிற்கும். வேலரன்ட் ஆட நெட் கொஞ்சம்தான் வேண்டும், நெட்டைத் தின்பது அப்டேட். பத்து சிஸ்டமும் போட்டி அன்றைக்குக் காலையில் ஒன்றாக இறக்க ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு வரை உட்கார்ந்து சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பிஜிஎம்ஐ நடத்தலாம், ஆனால் 128 போனை ஒரே ஹாலில் வைக்காதே. பாதியாகக் குறை. காலேஜ் வைஃபையில் ரோல் நம்பர் போட்டு உள்ளே போகிற லாகின் பக்கம் ஒன்று வரும், பார்த்திருப்பாய். பல இடத்தில் அது ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஆனதும் தானாக வெளியே தள்ளிவிடும். ஆட்ட வட்டம் சுருங்கிச் சுருங்கிக் கடைசி ஸோனில் மூன்று ஸ்க்வாட் நிற்கும்போது இது நடந்தால் உன்னை அங்கேயே புதைத்துவிடுவார்கள். போட்டிக்கென்று தனி எஸ்எஸ்ஐடி, அதாவது தனி வைஃபை பெயர், கேள், லாகின் பக்கம் இல்லாமல், ஃபயர்வாலில் கேமிங் தடையை அந்த ஒன்றுக்கு மட்டும் எடுத்துவிடச் சொல்லி. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. ஹாலில் இருக்கிற பாதிப் பேர் பாக்கெட்டில் ஹாட்ஸ்பாட் ஆனில் இருக்கும், அந்தக் கூச்சலில் பிங் எகிறும். அதனால் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும், ஒரு ஆக்சஸ் பாயின்ட்டுக்கு இருபது போன் என்று கணக்கு வைத்துக்கொள், ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் கேபிள் போய்ச் சேர வேண்டும். பாஸ்வேர்டு ஆடுகிறவனுக்கு மட்டும்தான். வேடிக்கை பார்க்க வருகிறவன் ரீல்ஸ் பார்த்தாலே போதும், உன் மேட்சே தள்ளாடிவிடும்.

அவரவர் சிம் டேட்டாவில் ஆடட்டுமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். சிம் ஆனில் இருந்தால் கால் வரும். ஃபைனல் மேட்சில் ஒருத்தனுக்கு அம்மா கூப்பிட்டு "சாப்டியால?" என்று கேட்டால் அந்த ஸ்க்வாட் கதை முடிந்தது. ஏரோப்ளேன் மோடு போட்டு, அதன் மேல் வைஃபையை ஆன் பண்ணச் சொல். சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடவும் விடாதே, நம்ம ஊர் வெயிலில் போன் கொதித்து ஃப்ரேம் விழும். மேட்சுக்கு நடுவில் சார்ஜ் போட எக்ஸ்டென்ஷன் போர்டு நிறைய வை.

கடைசியாக ஈபி. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் பிடித்தால் மதியம் தாண்டித்தான் கரன்ட் வரும். எந்தத் துணைமின் நிலையம், எந்தெந்த ஏரியா என்று முன்கூட்டியே பேப்பரில் போட்டுவிடுவார்கள், தேதி முடிவு பண்ணுமுன் ஈபி ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிடு. காலேஜில் ஜெனரேட்டர் இருக்கிறதே என்று தைரியமாக இருக்காதே. ஆடிட்டோரியம் மைக்கும் ஃபேனும் ஜெனரேட்டரில் இருக்கும், ஆனால் நெட்வொர்க் ரேக் வேறு பிளாக்கில் இருக்கும், அது இருக்காது. ரேக்கிலிருந்து ஹால் வரைக்கும் நடுவில் எத்தனை ஸ்விட்ச் இருக்கிறதோ ஒவ்வொன்றும் எதிலிருந்து கரன்ட் எடுக்கிறது என்று கேபிளைப் பிடித்துக்கொண்டே நடந்து பார். ஒரு தடவை மெயினை அணைத்துச் சோதித்துக் காட்டச் சொல், எலக்ட்ரீஷியன் முனகுவார், முனகட்டும்.

கடைசி_பஸ்

அண்ணாச்சி நெட்டைச் சொல்லிவிட்டார். நான் மணியைப் பற்றிச் சொல்கிறேன், சிம்போசியங்களில் ஈவன்ட் கோஆர்டினேட்டராக அலைந்தவன்.

நம்ம பக்கம் காலேஜ் பசங்களில் எத்தனை பேர் வள்ளியூர், களக்காடு, அம்பை, ஆலங்குளம், ஸ்ரீவைகுண்டம் பக்கமிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர்கள் என்று உனக்கே தெரியும். அதில் பாதிப் பேருக்கு வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு பஸ், இறங்கி ஊருக்குள் போக இன்னொரு பஸ். அந்த இரண்டாவது பஸ்ஸை விட்டால் யாராவது வண்டியில் வந்து கூட்டிப்போக வேண்டும். ஆகவே ஷெட்யூலை மேலிருந்து கீழே போடாதே. பரிசு கொடுத்து முடிப்பது நாலரை மணி என்று முதலில் எழுது, அங்கிருந்து பின்னாலே போ.

பிஜிஎம்ஐயில் எராங்கல் மேப்பில் மேட்ச் ஒன்று ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடும். ஆனால் ரூம் போட்டு, எல்லாரும் உள்ளே வந்து, தப்பான ஸ்லாட்டில் உட்கார்ந்தவனை எழுப்பி மாற்றி, முடிந்ததும் ரிசல்ட் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பாயின்ட்ஸ் டேபிளில் ஏற்றுவதையெல்லாம் சேர்த்தால் மேட்சுக்கு முக்கால் மணி நேரம். உன் 32 ஸ்க்வாடை இரண்டு குரூப்பாகப் பிரித்து, குரூப்புக்கு மூன்று மேட்ச், அப்புறம் 16 ஸ்க்வாட் ஃபைனலுக்கு மூன்று மேட்ச் என்றால் ஒன்பது மேட்ச், ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதில் குத்துவிளக்கு, சீஃப் கெஸ்ட் பேச்சு, சாப்பாடு எதுவும் சேரவில்லை. பத்தரைக்கு ஆரம்பித்தாலும் ஆறு மணி தாண்டிவிடும், ஃபைனல் நடக்கும்போது பாதி ஹால் காலியாக இருக்கும், தோற்றவர்கள் மட்டுமில்லை, ஜெயிக்கிற நிலையில் இருக்கிறவனும் மணியைப் பார்த்துக்கொண்டேதான் ஆடுவான். அதனால் முந்தைய வாரமே ஆன்லைனில் குவாலிஃபயர் வைத்து 16 ஸ்க்வாடாகக் குறைத்துவிடு. நேரில் ஐந்து மேட்ச், மூன்றே முக்கால் மணி நேரம், மதியத்துக்கு முன்னால் மூன்று, பின்னால் இரண்டு. அண்ணாச்சி சொன்ன 64 போன் கணக்கும் இதில் தானாக வந்துவிடும்.

பாயின்ட்ஸ் எளிதாக வை. முதல் இடத்துக்கு 10, இரண்டாவதுக்கு 6, அப்படியே இறங்கி எட்டாவதுக்கு 1, அப்புறம் கில்லுக்கு ஒன்று. இடத்துக்கு ரொம்ப அதிகமாகக் கொடுத்தால் எல்லாரும் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு கடைசி வரை வெளியே வர மாட்டார்கள், ஹாலில் பார்க்கிறவன் கொட்டாவி விடுவான். ஒருத்தன் போன் அணைந்தால் மேட்சை நிறுத்த முடியாது, ஆனால் முதல் ஸோன் மூடுவதற்குள் நாலு ஸ்க்வாட் ஒன்றாக விழுந்தால் ரீமேட்ச் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடு. ஐபேட் கூடாது, போனில் மாட்டுகிற ட்ரிகர் பட்டன் கூடாது, கிராஃபிக்ஸை மாற்றுகிற ஜிஎஃப்எக்ஸ் டூல் கூடாது என்பதையும் அதோடு.

ஆடுகிறவர்களை ஆடிட்டோரியத்தில் உட்கார வைக்காதே, இதை அழுத்திச் சொல்கிறேன். பெரிய ஸ்க்ரீனில் அப்சர்வர் காட்சி ஓடும், எல்லா ஸ்க்வாடும் எங்கே இருக்கிறது என்று தெரியும். எதிரி பாறைக்குப் பின்னால் படுத்திருப்பதைப் பார்த்ததும் ஹாலில் இருநூறு பேர் "ஏலே, பின்னாலே பாருலே!" என்று கத்துவார்கள், அதைக் கேட்டு அவன் திரும்புவான். மாடியில் கிளாஸ்ரூம்களை வாங்கு, ரூமுக்கு நாலு ஸ்க்வாட், ஒவ்வொரு மூலையில் ஒன்று, ஒரு ரூமுக்கு ஒரு வாலன்டியர். கீழே ஸ்க்ரீனும் கமென்ட்ரியும். கமென்ட்ரிக்கு மட்டும் தயவுசெய்து டிவியில் பேசுகிற தமிழ் வேண்டாம், உங்கள் கிளாஸில் வாய் ஓயாத ஒருத்தன் இருப்பான், மைக்கை அவனிடம் கொடுத்துவிடு. "அங்கன ஒருத்தன் பைய நகந்து போறான் பாருங்க மக்களே" என்று நம்ம பேச்சில் ஒருத்தன் சொன்னால், கேமே தெரியாத தமிழ் டிபார்ட்மென்ட் சார்கூட உட்கார்ந்து பார்ப்பார்.

கீழே ஹால் ஓரத்தில் டிவி இரண்டு வைத்து கன்சோலில் ஃபுட்பால் வை, நெட்டே வேண்டாம். 16 பேர், நாலு பேர் கொண்ட நாலு குரூப்பாக. குரூப்புக்கு 6 ஆட்டம், மொத்தம் 24, அப்புறம் நாக்அவுட் 7. ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் என்றால் இரண்டு டிவியில் நாலு மணி நேரம். நேரே நாக்அவுட் வைத்தால் 15 ஆட்டத்தில் முடிந்துவிடும்தான், ஆனால் திசையன்விளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவன் பத்து நிமிஷத்தில் தோற்று வெளியே நின்றால் அடுத்த வருஷம் வர மாட்டான். ஒவ்வொருத்தனுக்கும் குறைந்தது மூன்று ஆட்டம் கிடைக்க வேண்டும்.

பாளை_ஸ்க்வாட்

அண்ணாச்சி, அண்ணன், ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மாடி கிளாஸ்ரூம் யோசனை எங்களுக்குத் தோன்றவே இல்லை. 16 ஆகக் குறைத்தால் குரூப்பில் சத்தம் போடுவார்கள், பரவாயில்லை, குவாலிஃபயரில் தோற்றவன் சத்தம் போடட்டும். வேலரன்ட்டை விடத்தான் மனசில்லை, கேட்டு நச்சரிக்கிறவர்கள் நிறைய.

நெல்லை_வைப்பர்

வேலரன்ட்டை ஏன் விட வேண்டும்? லேபைத்தான் விட வேண்டும். கேமிங் கஃபேக்களில் எல்லாம் இன்ஸ்டால் ஆகி, அப்டேட் ஆகி, வேன்கார்டோடு தயாராக இருக்கிறது. வார நாளில் காலை நேரம் பெரும்பாலும் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள், மணிக்கணக்குக்குப் பேசினால் குறைத்துத் தருவார்கள். ஆனால் 8 டீம் முடியாது. 13 ரவுண்டு முதலில் ஜெயிக்க வேண்டும், ஒரு மேப்புக்கு முக்கால் மணி நேரம் வை, பத்து சிஸ்டத்தில் ஒரு நேரத்தில் ஒரு மேட்ச்தான். 8 டீமுக்கு 7 மேட்ச், ஐந்து மணி நேரம் தாண்டும், ஓவர்டைம் போனால் இன்னும். 4 டீம் கூப்பிடு, ஒரு காலை நேரத்தில் அழகாக முடியும். அதை சிம்போசியத்தோடு முடிச்சுப் போடாமல் தனியாக வைத்துக்கொள்.

இப்போது நீங்கள் கடைசியில் கேட்டது. "பெண்களை எப்படிக் கூட்டிவருவது" என்று கேட்கிறீர்கள். தம்பி, நாங்கள் ஏற்கெனவே ஆடிக்கொண்டுதான் இருக்கிறோம், உங்கள் குரூப்பில் இல்லை, அவ்வளவுதான். வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்தால் என் நம்பர் முந்நூறு பேருக்குத் தெரியும். ராத்திரி பதினொன்றுக்கு "ஹாய் சிஸ், டூயோ வரீங்களா" என்று மெசேஜ் வரும், பிளாக் பண்ணினால் இன்னொரு நம்பரிலிருந்து வரும். எங்கள் ஹாஸ்டலில் நன்றாக ஆடுகிற பெண்கள் இருக்கிறார்கள், ஆண் பெயரில் ஐடி வைத்து மைக்கை அணைத்துவிட்டு ஆடுகிறார்கள். டிஸ்கார்டுக்கு மாறுங்கள், அங்கே நம்பர் யாருக்கும் தெரியாது. வாட்ஸ்அப் இல்லாமல் முடியாது என்றால் கம்யூனிட்டியாக மாற்றி அறிவிப்பு மட்டும் போடுங்கள், அதில் மெம்பர் நம்பர் மற்றவர்களுக்குத் தெரியாது. பதிவு ஃபார்மில் நம்பர் வாங்கினால் அது இரண்டு பேர் கையில் மட்டும் இருக்க வேண்டும், ஸ்லாட் லிஸ்ட் போடும்போது நம்பரோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுகிற வேலையெல்லாம் கூடாது. வாய்ஸ் சாட்டில் ஒருத்தன் அசிங்கமாகப் பேசினால் அந்த மேட்சிலேயே ஸ்க்வாட் வெளியே என்று விதியில் எழுதுங்கள், எழுதினால் மட்டும் போதாது, உங்கள் ஃப்ரெண்டாக இருந்தாலும் வெளியே அனுப்புங்கள். அப்போதுதான் செய்தி பரவும்.

ஹாஸ்டல் இன்-டைம் பெரும்பாலும் ஆறு மணி. கடைசி_பஸ் அண்ணன் சொன்ன நாலரை மணி எங்களுக்கும் சரியாக வரும். ஓடி லெட்டரில் ஒரு லேடி ஸ்டாஃப் பெயரும் நம்பரும் இருந்தால் வார்டன் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுவார். ஆடுகிற கிளாஸ்ரூம் மாடியில் என்றால் அந்தத் தளத்தில் லேடீஸ் டாய்லெட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள், சனிக்கிழமை பூட்டியிருக்கும். இன்னொன்று, "பெண்கள் ஸ்பெஷல் ஷோ மேட்ச்" என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்றை வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளாதீர்கள். 1895-லேயே பெண்களுக்கென்று சாராள் தக்கர் கல்லூரி வந்த ஊர் இது. அதே 16 ஸ்லாட்டில் எங்களுக்கும் குவாலிஃபயர் லிங்க் அனுப்புங்கள், ஜெயித்தால் வருகிறோம்.

கோர்ட்_ஜூனியர்

200 ரூபாய் என்ட்ரியை வாங்கி அதையே பரிசாகக் கொடுக்கும் யோசனையை யாரும் தொடவில்லை, அதனால் நான் வருகிறேன். பாளை கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறேன். இதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாமல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் கேமிங் சட்டம் ஒன்று நிறைவேற்றியது. பணம் கட்டி, பணமோ அதற்கு ஈடானதோ ஜெயிக்கலாம் என்ற எதிர்பார்ப்பில் ஆடுகிற ஆன்லைன் கேம் எதுவானாலும், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியே இல்லாமல் அதற்குத் தடை. நடத்துகிறவருக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். இ-ஸ்போர்ட்ஸுக்கு விலக்கு உண்டு, அதில் கலந்துகொள்ளவும் நிர்வாகச் செலவுக்கும் கட்டணம் வாங்கலாம், பரிசுப் பணமும் கொடுக்கலாம், பந்தயம் மட்டும் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த விலக்குக்குள் வர வேண்டுமென்றால் அந்த விளையாட்டு அங்கீகாரமும் பதிவும் பெற்றதாக இருக்க வேண்டும் என்று வரையறையிலேயே இருக்கிறது. "எங்கள் போட்டியும் இ-ஸ்போர்ட்ஸ்தான் சார்" என்று நீயாகச் சொல்லிக்கொள்வது செல்லாது. தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரான 2022-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. ஆக, என்ட்ரி முழுக்க இலவசம், ஒரு ரூபாய்கூட வாங்காதே. பரிசு மொபைல் கடை அண்ணாச்சி தரும் இயர்பட்ஸ், பவர் பேங்க், ஒரு சுழற்கோப்பை. பணமாகத் தருவதானால் காலேஜ் கணக்கு வழியாக. வேடிக்கை பார்க்கிறவர்கள் "எந்த ஸ்க்வாட் ஜெயிக்கும், நூறு ரூபாய் கட்டு" என்று ஓரத்தில் ஆரம்பிப்பார்கள், வாலன்டியர்களிடம் அதைக் கண்டால் உடனே நிறுத்தச் சொல்லிவை.

கேம் கம்பெனிகளுக்கும் வெளியார் நடத்தும் போட்டிக்கென்று நிபந்தனைகள் உண்டு. பிஜிஎம்ஐயின் கிராஃப்டன், வேலரன்ட்டின் ரயட் இரண்டின் தளத்திலும் போய்ப் படித்து, தேவையான அனுமதியை முன்னாலேயே கேள். கம்பெனியே நடத்துகிற மாதிரி லோகோவைப் போஸ்டரில் பெரிதாகப் போடாதே. முதல் வருஷப் பசங்களில் 17 வயதுக்காரர்கள் இருப்பார்கள், அவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வாங்கு. 18-க்குக் கீழே பிஜிஎம்ஐயே ஆட்ட நேரத்துக்கு வரம்பு வைத்திருக்கிறது, ராத்திரி ஸ்க்ரிம்ஸ் ஆடித் தீர்த்துவிட்டு வந்து நிற்காதே என்றும் சொல்.

பிரின்சிபால் லெட்டருக்கு வருகிறேன். "கேம்" என்று முதல் வரியில் எழுதினால் இரண்டாவது வரியைப் படிக்க மாட்டார். 2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸைப் பல விளையாட்டுகள் கொண்ட போட்டிகளின் ஒரு பகுதியாக அங்கீகரித்து, விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் காட்சிப் போட்டியாக இருந்தபோதே ஹார்த்ஸ்டோன் என்ற கார்டு கேமில் தீர்த் மேத்தா இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கினார், 2023-ல் நடந்த ஹாங்சோ ஆசியப் போட்டியில் பதக்கப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். இந்த மூன்றையும் ஒரு பத்தியில் எழுது. அடுத்த பத்தியில் கட்டணம் இல்லை, பந்தயம் இல்லை, நாலரைக்கு முடியும், பொறுப்பு ஸ்டாஃப் இன்னார். ஒரு பக்கம் தாண்டக் கூடாது. பி.டி. சாரையும் கூடக் கூட்டிக்கொண்டு போ, அவர் பக்கத்தில் நின்றால் பிரின்சிபால் இதை ஸ்போர்ட்ஸ் ஃபைலில் போடுவார்.

மேலப்பாளையம்_மக்கா

எல்லாரும் ஒரு நாள் கூத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அவன் கேட்டது கிளப். டோர்னமென்ட் வைத்தால் கிளப் வந்துவிடும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை மக்கா, பரிசு வாங்கியவன் ஸ்டேட்டஸ் போட்டுவிட்டுப் போய்விடுவான். டோர்னமென்ட்டுக்கு முன்னால் இரண்டு மாதம் சனிக்கிழமை தோறும் சாயங்காலம் ஒரு இடத்தில் கூடுங்கள். பதினைந்து பேர் வந்தால் போதும். அன்றைக்கு மட்டும் சொந்த ஸ்க்வாட் கிடையாது, சீட்டுக் குலுக்கி, வேற வேற காலேஜ் ஆள் நாலு பேரைச் சேர்த்து ஸ்க்வாட் போடுங்கள். இங்கே அது ஆட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை, உங்களுக்கே புரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனையும் தங்கையையும் கூடப் படித்த பசங்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு நீதிபதி சந்துரு கமிட்டி போட்டு, 2024 ஜூனில் வந்த அறிக்கையில் மாணவர்கள் கையில் கலர் கயிறு கட்டுவதுவரை வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்த பக்கம் இது. ஸ்க்ரிம்ஸ் ஸ்லாட் லிஸ்டை ஒரு தடவை கண்ணைத் திறந்து படி, டீம் பெயரிலும் ஐடி முன்னால் போடுகிற டேகிலும் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று தெரியும். டீம் பெயரில் சாதி, தலைவர் படம், கலர் எதுவும் வரக் கூடாது என்று பதிவு ஃபார்மிலேயே போடு. மாற்ற மாட்டேன் என்கிற ஸ்க்வாட் எவ்வளவு நன்றாக ஆடினாலும் வேண்டாம். இதை அன்றைக்கு ஹாலில் வைத்துப் பேச ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும், முன்னாலேயே வாட்ஸ்அப்பில் முடித்துவிடு.

கிளப்புக்கு ஒரு கேமின் பெயரை வைக்காதே. பப்ஜி மொபைலை 2020 செப்டம்பரில் தடை பண்ணினார்கள், 2021 ஜூலையில் பிஜிஎம்ஐயாக வந்தது, 2022 ஜூலையில் ஸ்டோரிலிருந்து காணாமல் போனது, 2023 மே மாதம் திரும்ப வந்தது. நடுவில் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் போனது. 2022 ஜூலைக்குப் பிறகான அந்தப் பத்து மாதத்தில் பிஜிஎம்ஐ என்று பெயர் வைத்த குரூப்பெல்லாம் குட் மார்னிங் குரூப்பாகிவிட்டது.

அப்புறம் உன்னோடு ஆரம்பித்த நாலு பேரும் மூன்றாம் வருஷம், அடுத்த வருஷம் ஊரிலேயே இருக்க மாட்டீர்கள். அட்மின் பொறுப்பில் இப்போதே இரண்டு பேர் முதல் வருஷத்துக்காரர்களாக இருக்கட்டும், டிஸ்கார்ட் ஓனர்ஷிப், பதிவு ஷீட், கடைக்காரர் அறிமுகம் எல்லாம் அவர்கள் கைக்குப் போகட்டும்.

பாளை_ஸ்க்வாட்

எல்லாவற்றையும் நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து படித்தோம். முடிவு இதுதான்: நேரில் 16 ஸ்க்வாட், என்ட்ரி இலவசம், ஓரத்தில் கன்சோல் ஃபுட்பால். வேலரன்ட் 4 டீமோடு கஃபேயில் வேறு ஒரு நாள். வைப்பர் அக்கா, டிஸ்கார்ட் இன்றைக்கே திறந்துவிட்டோம், மாடரேட்டராக நீங்கள் ஒருவர் வந்தால் நன்றாக இருக்கும், நேரம் இருந்தால் மட்டும். டீம் பெயர் விதியைக் குரூப்பில் போட்டதும் மூன்று ஸ்க்வாட் விலகிவிட்டது, ஒரு ஸ்க்வாட் பெயரை மாற்றிவிட்டுத் திரும்ப வந்தது. தேதிக்கு செப்டம்பரா நவம்பரா என்று ஹெச்ஓடி கேட்கிறார். இன்னொரு சிக்கல், காலேஜில் 5 கிகாஹெர்ட்ஸ் வருகிற ஆக்சஸ் பாயின்ட் இரண்டுதான் இருக்கிறதாம்.

கடைசி_பஸ்

செப்டம்பர். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, கலெக்டர் காலையில் லீவு விட்டால் உன் சிம்போசியம் அப்படியே தள்ளிப்போகும், அதற்குப் பிறகு செமஸ்டர் எக்ஸாம்.

லேப்_அண்ணாச்சி

செப்டம்பர் என்றால் என்னிடம் சும்மா கிடக்கிற ஆக்சஸ் பாயின்ட் இரண்டு இருக்கிறது. உங்கள் ஹெச்ஓடி கையெழுத்தோடு ஒரு லெட்டர் கொண்டு வா, ரிஜிஸ்டரில் எழுதித் தருகிறேன். கேபிள் நீயே வாங்கு, கேபிள் முனையில் பின் அடிக்கிற கிரிம்பிங் டூல் தருகிறேன், முன்னாலேயே வந்து ஒரு முனை அடித்துப் பழகிக்கொள், உள்ளே இருக்கிற ஒயர்களில் ஆரஞ்சு வெள்ளை முதலில்.